பத்தொன்பது நாள் வீடு

சுஜாந்திக்கு வாய் முந்திக்கொள்ளும், மூளை ஆறுதலாகப் பின்னால் வரும். பாரிசின் லா சப்பலில் பாலேந்திரனின் சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலைசெய்கிற எல்லோருக்கும் இது தெரியும். மே மாதத்தில் ஒரு நாள், மத்தியானக் கூட்டம் அடங்கி அவள் சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, முன்பக்கத்திலிருந்து முதலாளி சத்தம் போட்டார்.

"பிள்ளை, உனக்கு மண்கல்லு அரியத் தெரியுமோ?"

"ஓம் அண்ணை, வீடே கட்டியிருக்கிறன்!"

சொல்லிவிட்டுத்தான் யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். மேசையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மர்கரீத் அக்கா. புதுச்சேரிக்காரர், தபால் இலாகாவில் முப்பது வருடம் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், கிழமையில் நாலு நாள் இங்கேதான் சாப்பாடு. மற்றவர் நரைத்த தலையைக் கொண்டையாகச் சுருட்டி, அதில் ஒரு பென்சிலைக் குத்தியிருந்த வெள்ளைக்காரி. நகக்கண்களில் மண் இருந்தது.

"சுஜா, இவங்க மரியான். பழைய ஊருங்களைத் தோண்டுறவங்க," என்றார் மர்கரீத் அக்கா. "யூப்ரட்டீஸ் ஆத்தோரமா நாலாயிரம் வருஷத்துக்கு முந்தின ஊரு ஒண்ணு. இப்ப அங்க போக முடியல. அதனால அந்த ஊரு வீடு மாதிரியே ஒண்ணை இங்க, ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்துல இருக்கிற காலி மனையில கட்டப் போறாங்க. மெரியில, அதான் நகரசபையில, ஒரு வருஷத்துக்கு இடம் குடுத்திருக்காங்க. செவ்ரான்ல மெத்ரோவுக்குத் தோண்டின மண்ணு லாரியில வந்து இறங்கியாச்சு. கல்லறுக்கத் தெரிஞ்ச ஆளுதான் வேணுமாம்."

"ஆள் இந்தா நிக்குதே!" என்றார் பாலேந்திரன். தானே அந்தக் கல்லை எல்லாம் அரிந்தவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

வீடு கட்டியது பொய்யில்லை. 2010இல், போர் முடிந்து மீளக்குடியேறிய வருடம், முல்லைத்தீவுப் பக்கத்தில் இருபது வயதுச் சுஜாந்தியும் தாயும் இரண்டே பேராகக் கல் அரிந்து, காயவைத்து, அடுக்கி, மேலே கிடுகு வேய்ந்து குடிபுகுந்தார்கள். கார்த்திகை மழை வந்தது. மழையின் பத்தொன்பதாம் நாள் வீடு விழுந்தது. இந்தக் கடைசி வசனத்தைத்தான் அவள் பாரிசில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கத்து மாமா வந்து, இடுப்பில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "பெட்டைக்குக் கைராசி இல்லை. முதல் கல்லை அவளைக்கொண்டு வைப்பிச்சிருக்கக்கூடாது," என்றார். அந்த ஒரு வார்த்தை ஊர் முழுக்கப் போனது. கலியாண வீடுகளில் பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க அவளைக் கூப்பிடுவதை விட்டார்கள். விதைநெல்லைத் தொட்டால் முகம் சுளித்தார்கள். தன் கைகளைத் தானே சந்தேகத்தோடு பார்க்கப் பழகிக்கொண்டாள்.

பாரிசில் எல்லாம் தலைகீழ். மூன்று வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவள்தான் அடுப்பை மூட்டினாள். அன்றைக்கு மத்தியானம் பொபினியிலிருந்து நாற்பது பேர் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு வந்து இறங்கினார்கள். பாலேந்திரனுக்கு அது போதும். அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு லைற்றரை அவள் கையில்தான் கொடுப்பார். அவள் மூட்டாமல் அந்தக் கடையில் அடுப்பு எரிந்ததில்லை. "எங்கட சுஜாந்தியின்ர கை ராசியான கை" என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லுவார். இப்படி ஒரு பெயரை யார் விட்டுக்கொடுப்பார்கள்? அவள் விடமாட்டாள். ஒவ்வொரு காலையும் அந்த நீல நெருப்பு பக்கென்று பற்றும்போது அவளுக்கு உண்மையாகவே சந்தோசமாக இருந்தது.

திங்கட்கிழமை கடை பூட்டு. அந்தக் கோடை முழுக்கத் திங்கட்கிழமைகள் மண்ணுக்குப் போயின.

அப்பாடா, அது என்ன கூத்து! முதல் நாளே சுஜாந்தி சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேற்றுக்குள் இறங்கி மிதிக்கத் தொடங்கினாள். மரியானின் மாணவர்கள் கையுறையும் அளவுகோலுமாக நின்றவர்கள், பத்து நிமிடத்தில் முழங்கால்வரை சேறாகிவிட்டார்கள். வைக்கோலைக் குறுக நறுக்கிப் போட்டு, குழைத்து, ஒரு கிழமை ஊறவிட்டார்கள். பிறகு மரச்சட்டத்து அச்சைத் தண்ணீரில் தோய்த்து, மண்ணை ஓங்கி அடித்து, மேலே வழித்து, சட்டத்தை ஒரே இழுவையில் தூக்கினால் சதுரமாக ஒரு கல். "எப்படி உடையாமல் வருது?" என்று மாணவர்கள் கேட்டார்கள். "எடுக்கேக்கை யோசிக்கக்கூடாது," என்றாள் சுஜாந்தி. மர்கரீத் அக்கா அதை அப்படியே பிரெஞ்சில் சொல்ல, மரியான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

"அந்தக் காலத்துல இந்த மாசத்துக்கே செங்கல் அச்சு மாசம்னுதான் பேராம்," என்று ஜூன் மாதத்தில் ஒரு நாள் மர்கரீத் அக்கா சொன்னார். "ராஜாகூட அச்சைக் கையில எடுப்பாராம். வேலைக்காரங்களுக்குக் கூலியா ரொட்டியும் பார்லி பீரும் குடுப்பாங்களாம்."

"பியர் இல்லை, வடையும் பிளேன்ரீயும்தான்," என்று பாலேந்திரன் பெரிய கூடையை இறக்கினார். ராஜா ஆகிவிடும் ஆசை அவருக்கும் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமையும் அவர் தவறவிடவில்லை.

ஒருநாள் யாருடையதோ நாயொன்று காயப்போட்டிருந்த கற்களுக்கு மேலே நடந்து போய்விட்டது. சுஜாந்தி ஏசிக்கொண்டு, காலடியை வழித்துச் சரிசெய்யக் குனிந்தாள். மரியான் பாய்ந்து வந்து தடுத்தார். தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். நாலாயிரம் வருடத்துக் கல். அதிலும் நாலு விரல் பதிந்த ஒரு நாயின் பாதம். அந்த நாயையும் யாரோ ஒருத்தி இப்படித்தான் ஏசியிருப்பாள் என்று நினைத்தபோது சுஜாந்திக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தக் கல்லை வாசலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டுமென்று தனியாக எடுத்து வைத்தாள்.

ஓகஸ்டில் கற்கள் காய்ந்தன. கட்டத் தொடங்க வேண்டும். பாலேந்திரன் பஞ்சாங்கத்தோடு வந்தார். அது யாழ்ப்பாணத்து நேரம். அதிலிருந்து மூன்றரை மணித்தியாலத்தைக் கழித்தார். சமையற்காரர் சூசைநாதன் அந்தோனியாரைத் தவிர வேறொருவரையும் கேட்டு நாள் பார்க்காதவர், வேண்டுமென்றே, "அண்ணை, இது வெய்யில்கால நேரமோ, குளிர்கால நேரமோ?" என்று கேட்டார். பாலேந்திரன் மறுபடி விரல்விட்டு எண்ண வேண்டியதாயிற்று. கடைசியில் ஒன்பது இருபத்தைந்து என்று முடிவானது.

"முதல் கல்லை சுஜாந்தி வைக்கட்டும்."

சுஜாந்தி ஓரடி பின்வாங்கினாள். "எனக்குக் கை நோகுது அண்ணை," என்றாள். "மரியான்தானே பெரியவ, அவ வைக்கட்டும்," என்றாள். "மர்கரீத் அக்கா வைக்கட்டுமே," என்றும் சொல்லிப் பார்த்தாள்.

"விசர்க்கதை கதையாதை. உன்ர கை இருக்கேக்கை வேற கை எதுக்கு?"

ஒன்பது இருபத்தைந்துக்கு அவள் கல்லை வைத்தாள். கையை உடனே முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டதை ஒருவரும் கவனிக்கவில்லை, எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

செப்டெம்பர் முடிவில் வீடு நிமிர்ந்து நின்றது. ஒரே ஒரு அறை. தட்டையான கூரையில் மரக்கம்பு, அதற்கு மேலே நாணல், அதற்கு மேலே மண். உள்ளே ஒரு மூலையில் அடுப்பு, நிலத்தில் பாதி புதைத்த தானியத் தாழி, மா அரைக்கிற கல், சுவரில் விளக்கு வைக்க ஒரு மாடம். வெளியே பானை வடிவ மண்ணடுப்பு. மரியான் அதன் உட்சுவரில் ரொட்டி தட்டிக் காட்டினார். சுஜாந்தி அடுத்த திங்கள் தேங்காய்ப்பூ ரொட்டி தட்டினாள். பக்கத்து மார்க்ஸ் டோர்மோயிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து வரிசையில் நின்று தின்றார்கள். நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய சனமும் இப்படித்தான் சுடச்சுடத் தின்று விரலை ஊதியிருக்கும்.

வாசலில் ஒரு பலகை நின்றது. பிரெஞ்சில் நீளமாக இரண்டு பந்தி. விசா கொடுக்கிற பிறிபெக்தூரிலிருந்து கடிதம் வந்தால் லா சப்பல் சனம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு தரம் வாசிக்கும், நாலு பேரிடம் காட்டியும் கேட்கும். தன் பெயர் இல்லாத பலகையை ஒருநாளும் வாசிக்காது. அந்தப் பலகைக்கு முன்னால் நின்று ஐந்நூறு பேராவது படம் எடுத்திருப்பார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

நவம்பர் பிறந்தது. மழை தொடங்கியது.

முதல் தூறல் விழுந்தபோதே சுஜாந்திக்கு நெஞ்சு பதறியது. இடைவேளை நேரத்தில் தறப்பாளைத் தூக்கிக்கொண்டு மனைக்கு ஓடினாள். சுவரை மூடிக் கல் பாரம் வைத்தாள். அடுத்த நாள் போனால் யாரோ கழற்றி மடித்து வைத்திருந்தார்கள். மறுபடி மூடினாள். மூன்றாம் நாள் அவள் கூரையில் ஏறி நிற்கையில் மரியானும் மர்கரீத் அக்காவும் வந்தார்கள். பாலேந்திரனும் தேநீர்ப் போத்தலோடு பின்னால் வந்தார்.

"சுஜா, இறங்கும்மா! அதை எடுக்கச் சொல்றாங்க," என்று கத்தினார் மர்கரீத் அக்கா. "நனையணுமாம். நனைஞ்சு விழணும்னுதானே கட்டினது!"

"என்னது?" என்றார் பாலேந்திரன்.

"பலகையில எழுதியிருக்கே. மண் வீடு எப்படி விழுதுன்னு பார்க்கிறதுக்குத்தான் இந்த வேலையே. நீங்க யாரும் படிக்கலையா?"

சுஜாந்தி கூரையிலிருந்து குதித்தாள். இந்த முறையும் வாய்தான் முந்தியது.

"விழவிடக்கூடாது! நான் முதல் கல்லு வைச்ச வீடு ஏற்கெனவே ஒண்டு விழுந்திட்டுது. பத்தொன்பதே நாள்! எனக்குக் கைராசி இல்லையெண்டு ஊரே சொன்னது. இதுவும் விழுந்தால் நான் எங்கை போறது?"

பாலேந்திரன் தேநீர்ப் போத்தலைக் கீழே வைத்தார். அவர் கண் அவளுடைய கைகளுக்குப் போய், அங்கிருந்து சட்டென்று விலகியது. அதை அவள் கண்டுவிட்டாள். தறப்பாளால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மர்கரீத் அக்கா தணிந்த குரலில் எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னார். முடிக்க முன்னமே மரியான் சேற்றில் தடுக்கி ஓடி வந்து, சுஜாந்தியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தார். அவருடைய கண்கள் ஜொலித்தன.

"விழும்போது நீ பார்த்தியான்னு கேக்கிறாங்க. கண்ணால. முழுசா."

"ஓம்... உள்ளுக்கைதான் இருந்தனான்."

"ஐயோ, உள்ளேயேவா!" மர்கரீத் அக்காவுக்கும் மூச்சு வாங்கியது. "சுஜா, இவங்க முப்பது வருஷமா தோண்டுறதெல்லாம் விழுந்து முடிஞ்ச வீடாம். எப்படி விழுந்துச்சுன்னு ஊகிச்சுத்தான் எழுதுறாங்க. விழுறதைப் பார்த்த ஒருத்தரைக்கூட இதுவரைக்கும் அவங்க பார்த்ததில்லையாம். எந்தச் சுவர் முதல்ல போச்சு? உள்ளே விழுந்துச்சா, வெளியவா? கூரை முன்னாடியா, பின்னாடியா? சத்தம் கேட்டுச்சா?"

பதினைந்து வருடத்தில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. முதல் கல்லை யார் வைத்தது என்று மட்டுந்தான் கேட்டார்கள். சுஜாந்தி அந்த ஈர மண்ணில் குந்தி இருந்து சொல்லத் தொடங்கினாள்.

"காலமை. தேத்தண்ணிக்கு நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தனான். வடக்குப் பக்கச் சுவரின்ர அடியிலை வெளிச்சம் தெரிஞ்சுது. சின்னக் கீறல் மாதிரி. சுவரின்ர மேல்பாகத்துக்கு ஒண்டும் இல்லை, நல்லாத்தான் நிண்டது. அடிதான் கரைஞ்சு போச்சுது. மழை நிலத்திலை விழுந்து தெறிக்குமெல்லே, அந்தத் தெறிக்கிற தண்ணி ஒவ்வொரு நாளும் அடியைத் திண்டிருக்கு. அம்மாவை இழுத்துக்கொண்டு வெளியிலை வந்தன். சத்தமே இல்லை. மாடு படுக்கிற மாதிரி, மெதுவா வெளிப்பக்கம் படுத்துது. பிறகுதான் கூரை."

மரியான் எழுதினார், எழுதினார், பென்சில் முனை ஒடிய மற்றப் பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவி எழுதினார். பிறகு தலையை ஆட்டினார். தன் கணக்குப்படி கூரைதான் முதலில் போகும் என்றார்.

"இல்லை," என்றாள் சுஜாந்தி. எழுந்துபோய் வீட்டைச் சுற்றி நடந்தாள். மூன்று நாளாகத் தறப்பாளோடு மல்லுக்கட்டியதில் மழை எந்தப் பக்கத்தால் அடிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து, தண்டவாளப் பக்கச் சுவரில், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், மூலையிலிருந்து மூன்றாவது கல்லுக்கு நேரே ஒரு வட்டம் போட்டாள்.

"இதிலைதான் தொடங்கும்."

வட்டத்தைப் போட்ட பிறகுதான் எதை வைத்து விளையாடுகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. அந்த இடத்தில் விழுந்தால் அது தண்ணீர் செய்த வேலை, இங்கேயும் அங்கேயும். வேறெங்கேயாவது விழுந்தால் மாமா சொன்னதுதான் சரி.

அடுத்த நாள் பத்து மணிக்கு அவள் அடுப்படியில் போய் நின்றாள். பாலேந்திரன் அவளைப் பார்க்காமல் லைற்றரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, தானே மூட்டினார். சுஜாந்தி திரும்பிப்போய் வெங்காயம் உரித்தாள். அன்றைக்கு அவளுடைய கண்ணீருக்கு வெங்காயம் பொறுப்பில்லை.

பிறகு பெய்தது பாருங்கள் மழை! லா சப்பலில் இப்படியொரு நவம்பரை ஒருவருக்கும் ஞாபகமில்லை. மனையைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒருவரும் கிட்டப் போகக்கூடாதென்று மரியான் தடை போட்டார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் குடைகள் கூடின. கூரைக் கட்சி, அடிக் கட்சி என்று சனம் இரண்டாகப் பிரிந்தது. மரியானின் மாணவர்கள் கூரை. சூசைநாதன் அடி. மர்கரீத் அக்கா இரண்டு பக்கமும் தலையாட்டினார். பாலேந்திரன் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஆனால் கடைக்கு மல்லி வாங்கப் போகிறேன் என்று புறப்பட்டு, அரை மணித்தியாலம் கழித்து நனைந்த தலையோடும் மல்லி இல்லாமலும் திரும்பி வருவார்.

மழை தொடங்கிய பத்தாம் நாள் கூரையின் ஒரு மூலை தாழ்ந்தது. கூரைக் கட்சி கைதட்டியது. சுஜாந்திக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. பத்தொன்பதாம் நாளும் வந்து போனது, வீடு நின்றது. இருபத்திரண்டாம் நாள் வட்டத்தின் கரி கழுவிப் போய்விட்டது. ஆனால் வட்டம் இருந்த இடத்தில் சுவர் உள்ளே குழிந்திருந்தது. அவளுக்கு மட்டும் அது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தாள், வாழ்க்கையில் முதல் தடவையாக.

இருபத்தாறாம் நாள் திங்கட்கிழமை. பின்னேரம் மூன்று மணி. ஒரு ரயில் கடந்து போய் அந்த அதிர்வு அடங்கிய நேரம், மரியான் திடீரென்று கையைத் தூக்கினார். சுவரின் அடியில், மூன்றாவது கல்லுக்கு நேரே, எதிர்வாசல் வழியாக வந்த வெளிச்சம் ஒரு கீறலாகத் தெரிந்தது.

"வெளிச்சம்! வெளிச்சம்!" என்று சுஜாந்தி கத்தினாள்.

சத்தமே இல்லை. சுவர் ஒருமுறை மூச்சு விட்டது போலிருந்தது. பிறகு மெதுவாக, மெதுவாக, வெளிப்பக்கம் சாய்ந்து படுத்தது. கற்கள் சீட்டுக்கட்டை விரித்த மாதிரி வரிசையாய்ச் சேற்றில் கிடந்தன. அதற்குப் பிறகுதான் கூரை உள்ளே இறங்கியது.

"விழுந்திட்டுது! விழுந்திட்டுது!" சுஜாந்தி குதித்தாள், குடையை எறிந்தாள், சூசைநாதனைக் கட்டிப்பிடித்தாள். வீடு விழுந்ததற்கு இப்படி ஆடிய மனிசி உலகத்தில் வேறு இருந்திருக்க மாட்டாள். மரியான் கயிற்றைத் தாண்டி ஓடி, விரிந்து கிடந்த கற்களுக்கு முன்னால் முழங்காலில் விழுந்து, சிரிப்பும் அழுகையுமாக ஏதோ சொன்னார்.

"இதே மாதிரி விரிஞ்சு கிடந்த சுவரை அங்கே தோண்டி எடுத்தாங்களாம்," என்று மர்கரீத் அக்கா தமிழில் சொன்னார். "கூரைக்கு முன்னாடி சுவர் விழுந்திருக்கு, அப்படின்னா எதிரிங்க வந்துதான் இடிச்சிருக்கணும்னு புத்தகத்துலயே எழுதிட்டாங்களாம். ஒரு எதிரியும் வரலையாம். வெறும் மழைதானாம். எல்லாத்தையும் திருத்தி எழுதணும், சுஜா பேரைப் போட்டு எழுதணும்னு சொல்றாங்க."

சுஜாந்தி தொலைபேசியை எடுத்துத் தாய்க்கு அடித்தாள். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம்.

"அம்மா! வீடு விழுந்திட்டுது!"

"எந்த வீடு? என்னடி சொல்லுறாய்?"

மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கைராசியுமில்லை, கால்ராசியுமில்லை, தெறிக்கிற தண்ணிதான் அடியைத் தின்றது என்றாள்.

"எனக்குத் தெரியும் பிள்ளை," என்றாள் தாய். "நீ அண்டைக்கே சொன்னனி. தண்ணி அடியிலை நிக்குது, சுத்திவர வாய்க்கால் வெட்டுவம் எண்டு மண்வெட்டியை எடுத்தனி. நான்தான் இடுப்பு நோகுது, நாளைக்கு வெட்டுவம் எண்டனான். அடுத்த நாள் விழுந்திட்டுது. ஊர் உன்ர கையைச் சொல்லேக்கை நான் வாய் திறக்கேல்லை. பதினைஞ்சு வருசமா அது எனக்கு நெஞ்சுக்கை நிக்குது."

சுஜாந்திக்கு அந்த மண்வெட்டி இப்போதுதான் ஞாபகம் வந்தது. கோபம் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. "இடுப்பு நொந்தால் என்ன செய்யிறது அம்மா," என்றாள். இரண்டு பேரும் அழுதார்கள், பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவள் திரும்பியபோது பாலேந்திரன் பின்னால் நின்றார், தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. சட்டைப்பைக்குள் கையை விட்டு லைற்றரை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு," என்றார். அவளை நேரே பார்க்க வெட்கப்பட்டு, மரியானைக் காட்டி மர்கரீத் அக்காவிடம் திரும்பினார். "அக்கா, உவவைக் கேளுங்கோ, இனி என்ன செய்யப் போறாவாம்?"

மண் எங்கேயும் போகவில்லை, இதே மண்ணை மறுபடி ஊறவைத்து வசந்தத்தில் கல் அரியலாம், அந்தக் காலத்துச் சனமும் அப்படித்தான் செய்தது என்று மரியான் சொன்னார். பாலேந்திரனுக்குப் பழைய உசார் வந்துவிட்டது. நனைந்த விரல்களால் தொலைபேசியில் பஞ்சாங்கத்தைத் திறந்தார்.

"சித்திரையிலை நல்ல நாள் இருக்கு. முதல் கல்லை ஆர் வைக்கிறது எண்டு நான் சொல்லவே வேணும்?"

"பொறுங்கோ அண்ணை," என்றாள் சுஜாந்தி. சேற்றில் கிடந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்தாள். "கல்லு பிறகு. முதல்லை வாய்க்காலை வெட்டுவம்."